கிண்டியின் கடலுப்பு நீரும் கொலரா நோயறிதலும்

கொழும்பு வெள்ளவத்தையில் கூடியுள்ள இந்த ஆய்வரங்குக்குத் தலைமை தாங்குவது, ஆய்வுகூட மேசையிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த அறிஞர் பலர் முன்னிலையில் கிடைக்கும் பெருமை. அவர்கள் நன்கறிந்த பொருளைப் பற்றி அவர்கள் முன்பே பேச நேர்வதால் அந்தப் பெருமையோடு தயக்கமும் சேர்ந்தே வருகிறது. 'கொலராப் பற்றீரியாவின் வளர்ப்பும் நோயறிதலும்' என்ற தலைப்பின் வரலாற்றை இந்த அவைக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1854இல் புளோரன்சில் பிலிப்போ பச்சினி நுணுக்குக்காட்டியில் அந்த உயிரைக் கண்டதும், 1884இன் தொடக்கத்தில் கல்கத்தாவில் றொபேட் கொக் அதைத் தூய வளர்ப்பாகப் பிரித்தெடுத்ததும், 1959இல் அதே கல்கத்தாவில் சம்பு நாத் டே பற்றீரியா நீக்கிய வளர்ப்பு நீரைக் கொண்டே கொலரா நஞ்சின் இருப்பை நிலைநாட்டியதும் பாடநூல்களில் உள்ளவை. மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் காலமானதும் 1884இல்தான் என்பதால், யாழ்ப்பாணத்தின் முதல் மருத்துவத் தமிழ் நூல்கள் இந்த உயிரின் வாசலிலேயே நின்றுவிட்டன என்பதை மட்டும் குறித்து அப்பால் செல்லலாம்.

இவ்வுரை எடுத்துக்கொள்ளும் பொருள் இதைவிடக் குறுகியது. 1941இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழின் 29ஆம் தொகுதியில், கே. வி. வெங்கட்ராமனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் எழுதிய இரண்டு சிறு கட்டுரைகள் உள்ளன. ஒன்று, கொலரா நோயாளியின் மல மாதிரியைத் தொலைவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதற்கான காப்பு ஊடகம் பற்றியது. மற்றொன்று, கொலரா இல்லாத வேளையில் இயற்கை நீர்நிலைகளில் கொலராப் பற்றீரியாவாகிய விப்ரியோவின் எல் ரோர் வகை காணப்படுவது பற்றியது. சென்னைக்கு அருகே கிண்டியிலுள்ள கிங் நிலையத்தோடு இணைந்த இந்தப் பணி, பாக்கு நீரிணைக்கு இப்பாலுள்ள நமக்கு எவ்வளவு நெருக்கமானதோ, அந்த அளவுக்கு நம்மால் மறக்கப்பட்டதுமாகும்.

முதற் கட்டுரையின் ஊடகம் மிக எளியது. ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் 20 கிராம் கடலுப்பும், புரதத்தைச் செரிக்கச் செய்து பெறும் பெப்ரோன் 5 கிராமும் கரைத்து, காரத்தன்மையைக் காட்டும் பீ.எச். பெறுமானத்தை 8.6க்கும் 8.8க்கும் இடையில் நிறுத்தினால் அது ஆயத்தமாகிவிடும். திருகுமூடிச் சிறு போத்தலில் இந்த ஊடகம் 10 மில்லிலீற்றரும் அதில் சிறிதளவு மலமும் இருந்தால் போதும். குடலின் பிற பற்றீரியாக்கள் உப்பையும் காரத்தையும் தாங்காது ஒடுங்க, கழிமுக உவர்நீருக்குப் பழகிய விப்ரியோ வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆசிரியர் இருவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'வி.ஆர். நீர்மம்' என்று பாடநூல்கள் இதை ஒரு வரியில் குறிக்கின்றன. அந்த எழுத்துகள் வெங்கட்ராமனையும் சி. எஸ். இராமகிருஷ்ணனையும் சுட்டுவன என்பதை நம் மாணவர்களுக்கு எவரும் சொல்வதில்லை. 1964இல் வந்த கேரி–பிளேயர் ஊடகத்தின் பெயர் மட்டும் முழுமையாகவே அச்சாகிறது.

கேரி–பிளேயர் வந்தபின் வி.ஆர். நீர்மம் காலாவதியாகிவிட்டது என்று மதிப்புக்குரிய மூத்த நுண்ணுயிரியலாளர் சிலர் நெடுங்காலமாக எழுதியும் பேசியும் வந்துள்ளனர். வயிற்றுளைவை உண்டாக்கும் சிகெல்லா முதலிய பிற கிருமிகளையும் ஒரே குழாயில் காக்க வேண்டிய இடத்தில் கேரி–பிளேயர் சிறந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அது ஏகார் கலந்த அரைத்திண்ம ஊடகம். பெரும்பாலும் ஆயத்த நிலையில் வாங்கப்படுவது. கையிருப்புத் தீர்ந்து பாதையும் துண்டிக்கப்பட்ட பிரதேச வைத்தியசாலை ஒன்றில் அதை நினைத்த மாத்திரத்தில் ஆக்கிக்கொள்ள முடியாது. வி.ஆர். நீர்மத்துக்கு வேண்டிய கடலுப்போ புத்தளத்திலும் ஆனையிறவிலும் விளைகிறது. 2004 ஆழிப்பேரலையை அடுத்து முகாம்களில் கொலரா வரும் என்ற அச்சம் எழுந்து, நல்வினையாக அது வராது போனதை நினைத்துப் பார்ப்போர், எந்த ஊடகம் காலாவதியானது என்ற தீர்ப்பை இவ்வளவு எளிதாக வழங்கமாட்டார்கள்.

இன்னொரு மயக்கமும் இங்கே தீர்க்கப்பட வேண்டியது. காப்பு ஊடகம் வேறு, செறிவூட்டும் ஊடகம் வேறு. காரப் பெப்ரோன் நீர் செறிவூட்டுவது. அதில் விப்ரியோ விரைந்து பெருகி முந்தும், ஆனால் சில மணி நேரத்தில் பிற பற்றீரியாக்களும் எட்டிப் பிடித்துவிடும் என்பதால், 6 முதல் 8 மணி நேரத்துக்குள் அதிலிருந்து எடுத்துத் தட்டில் இட்டாக வேண்டும். அதைப் பயண ஊடகமாக்கி நாள் முழுதும் அனுப்பிவைத்து, பின்னர் 'கொலரா இல்லை' என்று அறிக்கை எழுதுவது நோயறிதலாகாது. மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்பும் பழக்கமும் இத்தகையதே: காப்பு ஊடகத்திலிட்ட விப்ரியோவுக்கு நம் நாட்டு அறை வெப்பநிலையே ஏற்றது, குளிர் அதற்கு ஊறு செய்யும். நோயாளியின் கட்டிலுக்கும் ஆய்வுகூட மேசைக்கும் இடைப்பட்ட வழியில் தோற்ற சோதனையை மேசையிலுள்ள எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. வெங்கட்ராமனும் இராமகிருஷ்ணனும் கண்டது இதைத்தான்.

மேசைக்கு வந்தபின் நடப்பது இந்த அவையின் அன்றாட வேலை. பெப்ரோன் நீர்க் குழாயைக் குலுக்காமல், காற்றை நாடி மேலே வந்த விப்ரியோக்கள் படர்ந்திருக்கும் மேற்பரப்பிலிருந்து ஒரு கண்ணி எடுத்து, 1963இல் யப்பானியர் வகுத்த ரி.சி.பி.எஸ். ஏகாரில் கோடிட்டால், மறுநாள் காலை பச்சைத் தட்டில் 2 முதல் 4 மில்லிமீற்றர் அகலத்தில் தட்டையான மஞ்சட் குடியிருப்புகள் தோன்றும். தட்டிலுள்ள சுக்குரோசை விப்ரியோ நொதிக்கச் செய்து அமிலமாக்குவதே மஞ்சளுக்குக் காரணம். அந்த மஞ்சளைக் கண்ட மகிழ்ச்சியில் அங்கிருந்தே ஒக்சிடேசுச் சோதனைக்கு எடுப்பது, அனுபவம் மிக்கோர் கையிலும் நேரும் தவறு. அமிலம் நொதியத்தை மறைத்துப் பொய்யான எதிர்மறை விடையைத் தருவதால், தெரிவு செய்யா ஏகாரில் மீள வளர்த்த பின்னரே ஒக்சிடேசுச் சோதனையும், எதிர்நீர்ப்பாயத்தில் கலங்கள் திரள்கின்றனவா என்று பார்க்கும் ஒருங்கொட்டல் சோதனையும் செய்யப்பட வேண்டும். 0.5 வீதச் சோடியம் டியொக்சிகொலேற்றுத் துளியில் குடியிருப்பைக் கலந்து கண்ணியை மெல்ல உயர்த்தினால், ஒரு நிமிடத்துக்குள் உடைந்த கலங்களின் டி.என்.ஏ. பிசுபிசுத்து நூலாக நீளும். எந்த இயந்திரமும் வேண்டாத இந்த நூற் சோதனை நம் பயிற்சி நெறிகளில் இன்னும் முன்னிறுத்தப்பட வேண்டும்.

ஒருங்கொட்டலிலும் இந்தத் தீவுக்கும் தென்னிந்தியாவுக்கும் பங்குண்டு. 1935இல் காட்னரோடு சேர்ந்து விப்ரியோக்களின் உடற்பொருள் எதிர்ப்பொருளாக்கிகளைப் பகுத்து, இன்று ஓ1 எனப்படும் குழுவுக்கு அடித்தளமிட்டவர் இதே வெங்கட்ராமன். ஓகாவா, இனாபா என்ற ஓ1 உட்பிரிவுகளைத் தனித்தறிய உதவும் எதிர்நீர்ப்பாயங்கள், ஒன்றுக்கு எதிராக உண்டாக்கிய நீர்ப்பாயத்திலிருந்து மற்றதன் கலங்களைக் கொண்டு பொது எதிர்ப்பொருள்களை உறிஞ்சி நீக்கிப் பெறப்படுகின்றன. அந்த உறிஞ்சல் முறையை 1902இல் விளக்கிய அல்டோ கஸ்ரெலானியே மறு ஆண்டு கொழும்புப் பற்றீரியவியல் நிலையத்தின் பணிப்பாளராக வந்தார். அந்நிலையமே இன்றைய மருத்துவ ஆராய்ச்சி நிலையம்.

எதிர்நீர்ப்பாயத்தை மட்டுமே நம்பியிருப்பதன் இடரையும் சென்னையே காட்டியது. 1992 ஒக்ரோபரில் அங்கு பரவத் தொடங்கிய கொலராவின் விப்ரியோக்கள் ஓ1 நீர்ப்பாயத்தோடு ஒருங்கொட்டவில்லை. அதுவரை அறியப்பட்ட 138 குழுக்களில் எதிலும் அவை அடங்காமையால் ஓ139 என்ற புதிய எண் பெற்றன. ஓ1 அல்லாத விப்ரியோ கொள்ளைநோயை உண்டாக்காது என்று அதுவரை நிலவிய உறுதி ஒரே பருவத்தில் தகர்ந்தது. தட்டில் உயிர் வளர்க்கப்பட்டிருந்ததால்தான் 'விடை இல்லை' என்ற விடையை மேலும் ஆராய முடிந்தது. பி.சி.ஆரும் விரைவுச் சோதனைக் கீற்றுகளும் வந்தபின் வளர்ப்பு முறை தேவையற்றதாகிவிட்டது என்று வாதிடும் இளைய அறிஞர்கள், கீற்று தேடச் சொன்னதை மட்டுமே தேடும் என்பதையும், எந்த மருந்துக்கு உயிர் பணியும் என்பதை வளர்த்தே நேரில் காண முடியும் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கட்டுரையே இவ்வுரையின் உண்மையான நோக்கம். கொலரா இல்லாத இடத்து இயற்கை நீரில் எல் ரோர் விப்ரியோ வாழ்கிறது என்று 1941இலேயே வெங்கட்ராமன், கிருஷ்ணசாமி, இராமகிருஷ்ணன் மூவரும் எழுதினர். நீர்ச்சூழலே விப்ரியோவின் இயல்பான இருப்பிடம் என்ற கருத்து, றீற்றா கொல்வெல் முதலியோரின் ஆய்வுகளால் உலகெங்கும் ஏற்கப்பட்டது பல பதிற்றாண்டுகள் கழித்தே. அக்கட்டுரை எழுதப்பட்ட காலத்தில் இலங்கை அரசின் கொள்கை வேறொரு நம்பிக்கையின்மேல் நின்றது: கொலரா இந்தியாவிலிருந்து தோட்டத் தொழிலாளரோடு கடல் கடந்து வருவது, எனவே அவர்களைத் தமிழகக் கரையிலுள்ள மண்டபம் என்ற ஊரின் முகாமில் நாட்கணக்கில் தடுத்து வைப்பதே தீர்வு. அந்த முகாமின் வரிசையில் நின்ற மக்கள் நோய் சுமப்போராக எழுதப்பட்டனர். துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையின் நெருக்கமான குடியிருப்புகளும் அதே கண்கொண்டு நோக்கப்பட்டன. கொலரா மனிதரோடு பயணம் செய்ததில்லை என்று இவ்வுரை சொல்லவில்லை; கப்பல்களிலும் பாதைகளிலும் அது வந்ததற்குச் சான்றுண்டு. 1941இன் விப்ரியோக்கள் நஞ்சு சுரப்பனவா என்று சோதிக்கும் வழி அன்று இருக்கவில்லை என்பதும் மெய். ஆயினும், நம் கழிமுகங்களில் என்ன வாழ்கிறது என்று கேளாமலே பழியை ஒரு மக்கட் கூட்டத்தின் மேல் ஏற்றியது அறிவியலாகாது. அதை இன்றும் கேள்வியின்றித் திருப்பி எழுதும் நம் மருத்துவ வரலாற்று நூல்கள் திருத்தப்பட வேண்டும்.

இலங்கையில் கடைசிக் கொலரா நோயாளி பதிவானது 2003இல் என்பதால் இவையெல்லாம் பழங்கதை என்போர் உளர். கொலரா கண்டறியப்படாதிருப்பதற்கு அது இல்லாமையும் காரணமாகலாம், தேடாமையும் காரணமாகலாம். இரண்டையும் வேறுபடுத்துவது ஆய்வுகூடம் ஒன்றே. எனவே வயிற்றோட்ட மாதிரிகளை ரி.சி.பி.எஸ். தட்டில் இடும் வழக்கத்தைக் கைவிடாதிருக்கவும், ஓ1, ஓ139 நீர்ப்பாயங்களைக் காலாவதியாகுமுன் புதுப்பித்து வைக்கவும், வெங்கட்ராமன், இராமகிருஷ்ணன் பெயர்களை நம் தமிழ்ப் பாடநூல்களில் முழுமையாக அச்சிடவும், இந்த மண்டபத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய வெள்ளவத்தைக் கால்வாய் கடலோடு கலக்கும் இடத்திலும் களனி கங்கையின் முகத்துவாரத்திலும் மாதந்தோறும் நீர் எடுத்து விப்ரியோவைத் தேடவும் அறிஞர்கள் முன்வர வேண்டும். நிறைவு நாளில் எடுக்கப்படும் தீர்மானங்களில் இவற்றைச் சேர்க்குமாறு தலைமை இந்த அவையை வேண்டிக்கொள்கிறது.