பெருக்கெண் பந்தயம்: கணக்கும் சட்டமும்

கைபேசி வழியாக அண்மை ஆண்டுகளில் பரவியுள்ள பண விளையாட்டுகளுள் 'கிராஷ்' எனப்படும் பெருக்கெண் பந்தயம் தனிக் கவனத்திற்கு உரியது. ரம்மி ஆடச் சீட்டுகளின் விதி தெரிந்திருக்க வேண்டும். கிரிக்கெட் மீது பந்தயம் கட்டுபவருக்கு ஆட்டக்காரர்களின் பெயராவது தெரிந்திருக்க வேண்டும். பெருக்கெண் பந்தயத்துக்கோ எந்த முன்னறிவும் தேவையில்லை. பத்து ரூபாயும் ஒரு கைபேசியும் போதும். பெங்களூரில் மாதச் சம்பளம் பெறுபவரும், மைசூர்ப் பகுதியின் கௌதள்ளி போன்ற சிற்றூரில் நாட்கூலி பெறுபவரும் ஒரே நேரத்தில் ஒரே சுற்றில் கலந்துகொள்ள இயலும். ஆகவே இதன் இயக்கத்தை மாணவர்களும், மக்களோடு நேரில் பழகும் அலுவலர்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

விளையாட்டின் அமைப்பு

2014 ஆம் ஆண்டில் 'பிட்காயின்' நாணயத்தில் பந்தயம் ஏற்ற 'பஸ்டாபிட்' என்ற தளம் இவ்வகை விளையாட்டின் முன்னோடிகளுள் ஒன்று. 'ஸ்பிரைப்' என்ற நிறுவனம் 2019 இல் வெளியிட்ட 'ஏவியேட்டர்' இதனை உலகெங்கும் பரப்பியது. பெயர்கள் பல; அமைப்பு ஒன்றே.

ஒவ்வொரு சுற்றும் தொடங்குமுன் ஆடுவோர் பணயம் வைக்கின்றனர். சுற்று தொடங்கியதும் திரையில் ஒரு சிறு விமானம் மேலெழும்புகிறது. அதனுடன் 1.00 என்ற எண்ணும் 1.10, 1.50, 2.00 என விரைந்து வளர்கிறது. இதுவே பெருக்கெண். ஆடுபவர் விரும்பும் கணத்தில் பொத்தானை அழுத்தி வெளியேறலாம். அப்போது பெருக்கெண் 2.00 என்றிருந்தால், அவர் வைத்த 10 ரூபாய் 20 ரூபாயாகத் திரும்பும். அழுத்துமுன் விமானம் மறைந்துவிட்டால் பணயம் முழுவதும் போய்விடும். சில சுற்றுகளில் எண் வளரத் தொடங்குமுன்பே விமானம் மறைந்துவிடுவதும் உண்டு. சுற்று முடிந்த சில நொடிகளில் அடுத்த சுற்று தொடங்குகிறது.

விமானம் எந்த எண்ணில் மறையும் என்பது அது பறக்கும்போது தீர்மானிக்கப்படுவதன்று. சுற்று தொடங்கும்போதே கணினி அந்த எண்ணைத் தற்செயல் முறையில் முடிவு செய்துவிடுகிறது. திரையில் காணும் விமானம் ஏற்கெனவே முடிவான ஓர் எண்ணைப் படிப்படியாக வெளிப்படுத்தும் காட்சியே.

கணக்கு கூறும் உண்மை

ஏவியேட்டர் விளையாட்டில் ஆடுவோருக்குத் திரும்பும் தொகை நீண்ட கால அளவில் பணயத்தின் 97 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. எஞ்சும் 3 சதவீதம் நடத்துபவருக்கு. இந்த விகிதத்தை நிலைநிறுத்தும் விதி மிக எளியது: விமானம் ஒரு குறிப்பிட்ட பெருக்கெண்ணை எட்டும் நிகழ்தகவு, 0.97 ஐ அந்தப் பெருக்கெண்ணால் வகுத்தால் கிடைப்பதாகும்.

ஒருவர் 1,000 சுற்றுகளில், சுற்றுக்கு 10 ரூபாய் வீதம், மொத்தம் 10,000 ரூபாய் பணயம் வைப்பதாகக் கொள்வோம். அவர் அச்சமுள்ளவர், 1.25 வந்ததும் வெளியேறிவிடுகிறார். சராசரியாக 776 சுற்றுகளில் வெற்றி பெறுவார், வெற்றிக்கு 12.50 ரூபாய் வீதம் திரும்புவது 9,700 ரூபாய். 2.00 வரை பொறுப்பவர் சராசரியாக 485 சுற்றுகளில் வெல்வார். 20 ரூபாய் வீதம் அதே 9,700 ரூபாய். 10.00 வரை துணிந்து காத்திருப்பவர் 97 சுற்றுகளில் மட்டுமே வெல்வார். 100 ரூபாய் வீதம் மீண்டும் அதே 9,700 ரூபாய்.

அஞ்சியவர், நிதானமானவர், துணிந்தவர் ஆகிய மூவருக்கும் சராசரி இழப்பு 300 ரூபாய்தான். எப்போது வெளியேறுவது என்ற தீர்மானம் ஏற்ற இறக்கத்தின் அளவை மாற்றுகிறது; சராசரி இழப்பை அணுவளவும் மாற்றுவதில்லை. ஆனால் அந்தத் தீர்மானம் ஆடுபவர் கையில் இருப்பதாலேயே அவர் தம்மைத் திறமையாளராக எண்ணிக்கொள்கிறார். 2.00 இல் வெளியேறிய பின் எண் 40 வரை வளர்வதைக் கண்டால், "இன்னும் சற்றுப் பொறுத்திருக்கலாமே" என்று வருந்துகிறார். 1.98 இல் விமானம் மறைந்தால், "மயிரிழையில் தவறியது" என்று கருதுகிறார். இரண்டு எண்ணங்களும் அவரை அடுத்த சுற்றுக்கே இட்டுச் செல்கின்றன.

மூன்று சதவீதம் சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் அது ஒருமுறை மட்டும் கழிவதன்று. பணம் பணயமாகச் சுழலும் ஒவ்வொரு முறையும் கழிவதாகும். 100 ரூபாய் 23 முறை முழுமையாகச் சுழன்றால், சராசரியாக எஞ்சுவது 50 ரூபாய்க்கும் குறைவு. வாரம் ஒருமுறை குலுக்கல் நடத்தும் பரிசுச் சீட்டுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்த வேகமே.

இழந்ததை மீட்கும் வழி

தோற்றால் பணயத்தை இரட்டிப்பாக்குவது பலரும் கையாளும் பழைய உத்தி. 10, 20, 40 என்று கூட்டிக்கொண்டே போனால் ஒரு வெற்றியில் எல்லாம் திரும்பும் என்பது இதன் அடிப்படை. 2.00 பெருக்கெண்ணில் ஆடுபவர் தொடர்ந்து ஏழு முறை தோற்றால் 1,270 ரூபாய் இழந்திருப்பார். எட்டாம் முறை வைக்க வேண்டியது 1,280 ரூபாய். அதில் வென்றாலும் நிகர ஆதாயம் வெறும் 10 ரூபாய்.

ஏழு தோல்விகள் தொடர்ந்து வருவது அரிது என்று எண்ணலாம். கணக்கின்படி சராசரியாக 212 சுற்றுகளுக்குள் அது ஒருமுறை நேரும். சுற்றுக்குக் கால் நிமிடம் என்று கொண்டால், ஒரு மணி நேரம் ஆவதற்கு முன்பே அந்த நிலை வந்துவிடக்கூடும். அப்போது அடுத்த பணயத்துக்குக் கூலிப் பணம் போதாமல் கடனைத் தேடுகின்றனர்.

அடுத்த எண்ணை முன்கூட்டிச் சொல்வதாகக் கூறி விற்கப்படும் செயலிகளும் குழுக்களும் இந்த நேரத்திலேயே கண்ணில் படுகின்றன. ஒரு சுற்றின் முடிவுக்கும் அடுத்த சுற்றின் முடிவுக்கும் எத்தொடர்பும் இல்லை. அடுத்த எண்ணை உண்மையில் அறிந்தவர் அதனைச் சில நூறு ரூபாய்க்கு விற்க வேண்டிய தேவையும் இல்லை.

சில நிறுவனங்கள் தங்கள் விளையாட்டின் நேர்மையைச் சரிபார்க்கலாம் என்று கூறுகின்றன. முடிவை எழுதி முத்திரையிட்ட உறையைச் சுற்றுக்கு முன்பே எல்லோர் முன்னிலையிலும் வைப்பது போன்ற கணித முறை அது. முடிவு இடையில் மாற்றப்படவில்லை என்பதை அது காட்டும். 3 சதவீதக் கழிவு அதனால் நீங்கிவிடுவதில்லை. போலித் தளங்களிலோ அந்தச் சரிபார்ப்புக்கும் உறுதியில்லை; கணக்கில் வெற்றித் தொகை காட்டப்பட்டும் அதனை எடுக்க முடியாமல் போவதுண்டு.

சட்டம் கடந்து வந்த பாதை

பந்தயமும் சூதாட்டமும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 34 ஆம் இனமாக இடம்பெற்றுள்ளன. திறமை மேலோங்கிய விளையாட்டு சூதாட்டம் ஆகாது என்பது 1957 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் நிலைபெற்ற கொள்கை. 'திறமை' என்ற இச்சொல்லைச் சுற்றியே பிந்தைய வழக்குகள் நடைபெற்றன.

கர்நாடக அரசு 2021 இல் காவல் சட்டத்தைத் திருத்தி இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடை செய்தது. அத்திருத்தத்தின் முக்கியப் பிரிவுகளைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரி 14 அன்று செல்லாதவை என அறிவித்தது. தமிழ்நாட்டின் 2021 ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் தமிழ்நாடு புதிய சட்டம் இயற்றியது. அது 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. 2023 நவம்பர் தீர்ப்பில், ரம்மியும் போக்கரும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. தற்செயலைச் சார்ந்த விளையாட்டுகள் மீதான தடை நிலைத்தது.

இவ்வாறு அண்டை மாநிலங்கள் இரண்டில் சட்ட நிலை வேறு வேறாக இருந்தது. கைபேசி அலைகளுக்கோ மாநில எல்லை இல்லை. நடத்துபவரின் கணினி பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்தது.

இந்தப் பின்னணியில் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பண விளையாட்டுகளால் 45 கோடி மக்கள் பாதிக்கப்பட்டு 20,000 கோடி ரூபாய்க்கு மேல் இழந்துள்ளதாக அரசு அப்போது மதிப்பிட்டது. திறமையா, தற்செயலா என்ற வினாவை இச்சட்டம் கடந்து செல்கிறது. பணம் செலுத்திப் பணம் பெறும் நோக்கில் ஆடப்படும் எந்த இணைய விளையாட்டும் தடைக்குள் வருகிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. பணப் பரிமாற்றத்துக்குத் துணைபோவதும் குற்றமாகும். ஆடுபவரைக் குற்றவாளியாகக் கருதாமல் பாதிக்கப்பட்டவராகக் கருதுவது இச்சட்டத்தின் குறிப்பிடத்தக்க கூறு.

செய்ய வேண்டியவை

சட்டம் மட்டும் போதாது. ஒரு தளம் முடக்கப்பட்டால் வேறு பெயரில் மற்றொன்று தோன்றும். பள்ளிக் கணிதப் பாடத்தில் நிகழ்தகவுக்கு நாணயமும் பகடையும் எடுத்துக்காட்டாக இருந்துவருகின்றன. அவற்றோடு மேற்கண்ட 1,000 சுற்றுக் கணக்கையும் ஆசிரியர் கரும்பலகையில் போட்டுக்காட்டலாம். மூன்று வழிகளிலும் 9,700 என்ற ஒரே விடை வருவதைத் தானே கண்டறியும் மாணவர், வீட்டிலும் அதனை எடுத்துரைப்பார்.

வங்கி அலுவலர்கள், சிறு சேமிப்புக் கணக்குகளிலிருந்து யு.பி.ஐ. வழியே தொடர்ந்து வெளியேறும் சிறு தொகைகளைக் கவனிப்பது பயன் தரும். மகளிர் சுய உதவிக் குழுக்களின் கடன் தவணை காரணமின்றித் தவறும்போது, களப் பணியாளர் கடிந்துகொள்ளாமல் விசாரித்தல் நலம். போலித் தளத்தில் பணம் இழந்தோர் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையும், ஆட்டத்தை விட முடியாமல் துயருறுவோர் 14416 என்ற மனநல உதவி எண்ணையும் அணுகலாம். இந்த இரண்டு எண்களையும் ஊராட்சி அலுவலகத்திலும் நியாய விலைக் கடையிலும் எழுதி வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது.