மானிப்பாய் வயலில் கண்டது

(2022 பெப்ரவரி, தோட்டக் கிளையின் மாதாந்தக் கூட்டத்தில் பேசியது)

தைப்பொங்கல் முடிந்த கையோடு நாங்கள் மூன்று பேர் மானிப்பாய்க்குப் போய் வந்தோம். அங்கே காலபோக நெல் வெட்டு நடந்தது. பார்த்ததை வந்து சொல்லச் சொன்னீர்கள்.

யாழ்ப்பாணத்தில் பெரிய ஆறு கிடையாது. மாரி மழையை நம்பி விதைத்து, தை, மாசியில் வெட்டுகிறார்கள். நெல்லுக்குப் பெரும்பாலும் அந்த ஒரு போகம்தான். இந்த முறை மழை ஏமாற்றவில்லை. உரம்தான் இல்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பர் கடைசியில் தடையை எடுத்தார்கள். அதற்குள் யூரியா போட வேண்டிய பருவம் போய்விட்டது. பயிர் வெடித்துக் கிளைக்கிற நேரத்தில் கிடைக்காத உரம் பிறகு வந்து என்ன செய்ய?

நாங்கள் நின்ற வயலில் கதிர் குட்டை, பதர் கூட. கமக்கார ஐயா ஒருவர் ஒரு கதிரை உருவி எங்கள் கையில் வைத்தார். "பாருங்கோ ரீச்சர், போன வருசத்து மூட்டையிலை பாதிதான் வரும். மெசின் கூலிக்கே காணாது" என்றார். வீட்டில் பொங்கினார்களாம், பழைய அரிசியில்.

நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபாய் நட்டஈடு என்று ஜனவரியில் அறிவித்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் குத்தகைக்குச் செய்கிறவர், அந்தக் காசு காணிக்காரருக்குப் போய்விடுமோ என்று பயப்படுகிறார். வெட்டுக்கூலிக்குப் போகிற பெண்களின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை.

இதைக் கேட்டபோது எங்களுக்கு நம் மலைதான் ஞாபகம் வந்தது. தேயிலைக்கும் அதே தடைதான். உரம் போடாத மலையில் கொழுந்து வருமா? 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. அதன் பிறகு பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள். செடியில் கொழுந்து குறைய, கேட்கிற கிலோ ஏறுகிறது. எடுக்க முடியாதவருக்கு அரைப் பேர். மானிப்பாயில் விளைச்சல் குறைந்தால் உரத்தைக் குற்றம் சொல்கிறார்கள். இங்கே குறைந்தால் கொழுந்து எடுக்கிற அக்காவின் கையைக் குற்றம் சொல்கிறார்கள்.

ஆகவே நிர்வாகத்திடம் நாம் கேட்கப்போவது இதுதான்: உரம் போடாத மலைக்குக் கிலோவைக் குறைக்க வேண்டும். அதற்குக் கணக்கு வேண்டும். திங்கள் முதல் ஒவ்வொரு லயத்திலும் ஒரு கொப்பி. எந்த மலை, எத்தனை கிலோ, முழுப் பேரா அரைப் பேரா என்று அன்றன்று எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், நாங்கள் பாடசாலையில் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். மாதக் கடைசியில் கொப்பிகளைக் கிளைத் தலைவரிடம் கொடுங்கள்.