கம்பி வராத தெருவில் தொழில்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கழகம் 25 ஆண்டுகளாகப் படிக்க வைத்த பிள்ளைகளுள் சிலர் அரசுப் பணியில் உள்ளனர். பலர் சிறுதொழில் செய்கின்றனர். அவர்களுக்குத் தேவைப்படும் ஒரு பொருளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். அது மொபைல் ரூட்டர் என்னும் சிறு பெட்டி.

நம் பழைய மாணவர் ஒருவர் காலனியில் தையற்கூடம் நடத்துகிறார். ஊர்த்தெரு வரை வந்த ஃபைபர் கம்பி அங்கேயே நின்றுவிட்டது. காலனிக்கும் இழுத்துத் தருமாறு கேட்டதற்கு, "இரண்டொரு இணைப்புக்காகக் கம்பம் நட முடியாது" என்று விடை வந்தது. கைப்பேசியின் இணைப்பைக் கொண்டே ஒப்பந்தப்புள்ளி ஒன்றை அவர் கடைசி நாள் மாலையில் அனுப்ப முயன்றார். அதிலிருந்த மற்றொரு சிம்முக்கு அழைப்பு வந்தது; இணைப்பு அறுந்தது; நேரமும் கடந்தது.

இது ஒருவரின் இழப்பு மட்டுமன்று. நடுவண் அரசின் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பது கொள்கை. அதற்குள் 4 விழுக்காடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் நிறுவனங்களுக்கு உரியது. இக்கொள்முதல் பெரும்பாலும் 2016இல் தொடங்கிய ஜெம் என்னும் இணையச் சந்தையின் வழியே நடைபெறுகிறது. இணைப்பில்லாத தெருவில் அந்த 4 விழுக்காடு ஏட்டுச் சுரைக்காயே அன்றோ?

கம்பி தெரு பார்த்து வரும். கோபுரத்து அலை அவ்வாறு பார்ப்பதில்லை. ரூட்டரில் ஒரு சிம்மை இட்டால், அது 4ஜி அல்லது 5ஜி அலையைப் பெற்றுக் கூடத்திலுள்ள கணினிகளுக்கெல்லாம் வைஃபையாகப் பகிர்ந்தளிக்கும். சிலவகை ரூட்டர்களில் மேசைத் தொலைபேசியைச் செருகும் துளையும் உண்டு. சிம்மின் எண்ணுக்கு அழைப்பு வந்தால் மேசையில் மணி அடிக்கும். முதலாளி சந்தைக்குச் சென்றிருந்தாலும் கூடத்தில் இருப்பவர் எடுத்துப் பேசலாம். தொழிலுக்கென்று நிலையான ஓர் எண் அமையும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை சில உள.

முதலாவது, எந்த நிறுவனத்தின் அலை உங்கள் கூடத்தில் வலுவாக உள்ளது என்று பாருங்கள். நண்பர்களின் கைப்பேசிகளைக் கொண்டு, நெரிசல் மிகுந்த இரவு எட்டு மணியளவில் சோதியுங்கள். தகரக் கூரையும் கான்கிரீட் சுவரும் அலையைத் தடுக்கும். ஆகவே, பெட்டியை மாடியில் கோபுரத்தை நோக்கிய சன்னலோரம் வையுங்கள்.

இரண்டாவது, திட்டத்தைப் படித்துப் பாருங்கள். நாளொன்றுக்கு இத்தனை ஜி.பி. என்றிருந்தால், அது தீர்ந்ததும் வேகம் மிகவும் குறைந்துவிடும். டேட்டா மட்டும் தரும் சிம்மில் பேச இயலாது. எல்லா ரூட்டரும் எல்லா நிறுவனத்தின் பேச்சு வசதிக்கும் பொருந்துவதில்லை. கடையிலேயே போட்டுப் பேசிப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது, சிம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். உறவினர் பெயரிலோ கடைக்காரர் பெயரிலோ வாங்கிய எண் என்றேனும் ஒருநாள் கைவிட்டுப் போகும். வாடிக்கையாளரும் அதனோடு போவர். வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணை ரூட்டரில் இடாதீர்கள். ஓ.டி.பி. கைக்கு எட்டாமற் போகும்.

நான்காவது, பெட்டியோடு வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். வாடிக்கையாளர் வைஃபை கேட்டால், விருந்தினர்க்கென்று தனி இணைப்பு அமைத்துக் கொடுங்கள்.

ஐந்தாவது, மின்சாரம் நின்றால் பெட்டியும் நிற்கும். ரூட்டருக்கென்றே விற்கும் சிறு யு.பி.எஸ். ஒன்றைச் சேர்த்து வாங்குவது நன்று.

இளைஞர்களே! ரூட்டர் வந்துவிட்டது என்பதற்காகக் கம்பி கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். கோபுரத்து அலையைச் சுற்றுவட்டாரமே பங்கிட்டுக் கொள்கிறது. கூட்டம் பெருகினால் வேகம் குறையும். ஃபைபருக்கு அந்தத் தளர்ச்சி குறைவு. ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுவரவே பாரத்நெட் திட்டம் வகுக்கப்பட்டது. ஊராட்சி அலுவலகம் வரை வரும் கம்பி காலனி வரை வர எத்தனை கம்பம் வேண்டும்? இக்கேள்வியைக் கிராமசபையில் எழுப்புங்கள். தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். அதன் படியைக் கேட்டுப் பெறுங்கள்.

அந்தத் தையற்கூடத்தின் மாடி சன்னலில் இன்று ஒரு ரூட்டர் இருக்கிறது. அடுத்த ஒப்பந்தப்புள்ளியை நம் மாணவர் இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டார். கம்பி கேட்டு அவர் எழுதிய மனுவின் படியும் அதே மேசை இழுப்பறையில் இருக்கிறது. இரண்டும் வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது.