நிலம் கையில் இருந்தால்தான் சோறும் நீரும் வெளிச்சமும்
(கூலாயில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உணவு, தண்ணீர், மின்சாரம் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து ஊர் மக்களே நிர்வகிக்க வேண்டும் என்று இன்று உலக மாநாடுகளில் பேசுகிறார்கள். தோட்டத்தில் வாழ்ந்த நமக்கு இது புதிய செய்தியா? லயத்துக்குப் பின்னால் கீரையும் மரவள்ளியும் இருந்தன. கொட்டகையில் மாடு. சாணம் செடிக்கு உரம். அடுப்புக்குப் பால்மரக் கட்டை. எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. நிலம் மட்டும் நம்முடையதாக இல்லை.

குடும்பத்தோடு வாழும் தோட்டத் தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு பயிரிட ஒதுக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே சொன்னது. ஆனால் வேலை போனால் அந்தத் துண்டும் போயிற்று. 1990ஆம் ஆண்டின் 446வது சட்டம் தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் தரச் சொன்னது. அதற்குள் பல தோட்டங்கள் கைமாறத் தொடங்கிவிட்டன. மாடு கட்டவும் செடி நடவும் இடமில்லாத அடுக்குமாடி வீடுகளுக்கு நம் மக்கள் போனார்கள்.

இங்கேயே பாருங்கள். போஸ்ட்டெட் நிறுவனத்திடம் இருந்த கூலாய் யங் தோட்டம், 600 ஹெக்டேருக்கும் மேற்பட்ட செம்பனை நிலம், வொய்டிஎல் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. இன்று அங்கே 500 மெகாவாட் இலக்கோடு தரவு மையப் பூங்கா எழுகிறது. சூரிய ஒளி மின்சாரமும் அங்கே உண்டு. வளர்ச்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்த வெளிச்சத்தில் நம் பங்கு என்ன என்றுதான் கேட்கிறோம்.

தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் எல்லை உண்டு என்பது அரசாங்கத்துக்கே தெரியும். ஜொகூர் மாநிலம் 2024இல் அமைத்த குழு, தரவு மைய விண்ணப்பங்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டை நிராகரித்தது. 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அம்மோனியா கூடியபோது சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. ஆற்றங்கரையில் நடப்பது எதுவாக இருந்தாலும் கடைசியில் நம் வீட்டுக் குழாய்க்குத்தான் வந்து சேர்கிறது.

மக்களால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு சான்றுகள் சொல்கிறேன்.

ஒன்று, நம் வரலாறு. தோட்டத் துண்டாடலில் நம்மவர்கள் தெருவுக்கு வந்தபோது, 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று பத்து வெள்ளியாகச் சேர்த்தார். பால்வெட்டுத் தொழிலாளி பங்குதாரரானார். தோட்டங்கள் வாங்கப்பட்டன. ஆனால் பங்குச் சீட்டைப் பெட்டியில் பூட்டி வைத்தால் உரிமை ஆகாது. ஆண்டுக் கூட்டத்துக்குப் போய்க் கணக்குக் கேட்பவனே உரிமையாளன்.

மற்றொன்று, கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி. 1996 முதல் 2006 வரை ஆர். சண்முகம் அங்கே தலைவர். ஊருக்குக் குடிநீர் வந்ததும் பம்புகளின் மின்கட்டணம் ஏறியது. மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுத்து பம்பை ஓட்டினார்கள். பிறகு 2006இல் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ரூபாயில், பெரும்பகுதி வங்கிக் கடனாக, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றையே ஊராட்சி வாங்கியது. ஊருக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தது. தண்ணீர்ப் பிரச்சினைதான் அவர்களை மின்சாரத்துக்கு அழைத்துச் சென்றது. இரண்டையும் பிரித்துப் பார்த்திருந்தால் தோற்றிருப்பார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்ட வரைவைப் பார்க்கவும் எழுத்து மூலம் ஆட்சேபிக்கவும் பொதுமக்களுக்கு உரிமை உண்டு. அறிவிப்பு வந்ததும் கூலாய் நகராண்மைக் கழகத்துக்குக் கூட்டமாகப் போங்கள். ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தோட்ட நிலத்தை மேம்பாட்டுக்கு மாற்றும் போதெல்லாம், சமூகத் தோட்டத்துக்கும் நீர்ப்பிடிப்புக்கும் நிலம் ஒதுக்கக் கோருவோம். நிலம் மாநில அரசின் அதிகாரம். எனவே கோரிக்கை மந்திரி பெசாருக்கும் நம் சட்டமன்ற உறுப்பினருக்கும் போக வேண்டும்.

மூன்றாவது, காத்திருக்காமல் தொடங்குவோம். ஓர் ஆலயம் அல்லது ஒரு தமிழ்ப்பள்ளி போதும். கூரையில் விழும் மழை தொட்டிக்கு, தொட்டி நீர் காய்கறிப் பாத்திக்கு, அதே கூரையில் சூரியத் தகடு. செலவையும் வரவையும் மாதந்தோறும் பலகையில் எழுதி வையுங்கள். நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். தண்ணீர் நின்றால் முதலில் தவிப்பவர்கள் அவர்கள்தானே!

மற்றவர்கள் தருவதை வாங்கும் சமுதாயமாகவே நம்மை வைத்திருக்கிறார்கள். காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்களின் பிள்ளைகள் நாம். நிர்வாகம் செய்யத் தெரியாதவர்கள் அல்ல. உங்கள் தாமானில் பத்துக் குடும்பங்களை இந்த மாதமே கூட்டிப் பேசுங்கள்.