பூட்டிக் கிடந்த கோயில்

மலேசியாவின் தாசேக் கெலுகோரில் கொமுட்டர் ரயில் ஏறி பட்டர்வொர்த் பக்கம் போனால், அடுத்த நிறுத்தமே புக்கிட் மெர்தாஜாம். அங்கே மலையடிவாரத்தில் இருக்கிறது புனித அன்னம்மாள் தேவாலயம்.

அன்னம்மாள் யார்? மரியாளின் தாய். இயேசுவுக்குப் பாட்டி. நெடுங்காலம் பிள்ளை இல்லாமல் இருந்தவர் என்பது மரபு. வேதாகமத்தில் அவர் பெயர் இல்லை. ஆனால் மக்கள் மனத்தில் இருக்கிறது. காத்திருந்து காத்திருந்து களைத்தவர்களுக்கு அவர் நெருக்கமானவர். நம் வீட்டுப் பாட்டியிடம் குறை சொல்வதுபோல அவரிடம் சொல்லிவிடலாம்.

அந்தக் கோயிலும் காத்திருந்த கோயில்தான்.

1888இல் கட்டப்பட்ட பழைய ஆலயம் அது. 1948இல் மலாயாவில் அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுப் போராளிகள் நடமாடும் இடம் என்று அந்தப் பகுதியை அரசு 'கறுப்புப் பகுதி' ஆக்கியது. கோயில் பூட்டப்பட்டது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, பல ஆண்டுகள். சுற்றிலும் புதர் மண்டியது. மக்கள் வேறு இடத்தில் ஆலயம் கட்டி வழிபட்டார்கள். ஆனாலும் பழைய கோயிலை மறக்கவில்லை.

பிறகு ஒருநாள் பூட்டு திறந்தது. இப்போதெல்லாம் ஜூலை 26 திருவிழாவையொட்டி சிங்கப்பூரிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும்கூட வருகிறார்கள். தமிழிலும் திருப்பலி உண்டு. இந்துக்களும் சீனர்களும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். யாரும் யாரையும் மதம் கேட்பதில்லை.

இப்போது அங்கே இருக்கும் புதிய பெரிய ஆலயத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். பழைய கோயில் இன்னும் அங்கேதான் நிற்கிறது.