தெருவுக்குத் தேவை இளைஞர்களின் தொண்டே!

(பட்டிமன்றத் தலைப்பு: தெருநாய்ப் பிரச்சினை தீரப் பெரிதும் தேவை அரசின் நடவடிக்கையா? இளைஞர்களின் தொண்டா?)

    

எனக்கு முன்னால பேசிட்டுப் போன எதிரணி நண்பர் ரொம்ப ஆவேசமாக் கேட்டாரு. "வீட்டுல தண்ணி குடிச்ச டம்ளரைக் கழுவி வைக்காத பையன், தெருவுல போய் நாய்க்கு என்னய்யா தொண்டு செய்யப் போறான்?"னாரு. அரங்கத்துல இருக்கிற அம்மா எல்லாரும் கை தட்டினீங்க. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். (சிரிப்பு)

ஐயா, நாய்க்கு நம்ம வீடுகள்ல இருக்கிற மரியாதையே தனி. ஒரு வீட்டுல அந்த அம்மா வாசல்ல நின்னு, "சாப்பிட்டியாடா கண்ணு?"ன்னு பாசமாக் கேட்டாங்க. உள்ளே இருந்து கணவர், "இன்னும் இல்லம்மா"ன்னு ஓடி வந்தாரு. "உங்களை யாரு கேட்டா? நான் ஜிம்மியைக் கேட்டேன்"னாங்களாம். (பலத்த சிரிப்பு) ஜிம்மிக்குக் கவலை இல்லை ஐயா. வீடு இருக்கு, தட்டு இருக்கு, ஊசி போட ஆள் இருக்கு. நான் பேச வந்தது, பெயர் இல்லாம தெருவுல திரியுற ஜிம்மியைப் பத்தி. அதைப் பார்த்துப் பயந்து பள்ளிக்கூடம் போற நம்ம வீட்டுக் குழந்தையைப் பத்தியும்தான்.

இது சிரிச்சுட்டுப் போற விஷயம் இல்லை. உலகத்துல ஒரு வருஷத்துக்கு ஏறக்குறைய 59,000 பேர் வெறிநாய்க்கடி நோயால சாகறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கு. அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல நம்ம இந்தியாவுல. வெறிநாய்கிட்டக் கடிபடுறவங்கள்ல நூத்துக்கு நாப்பது பேர் 15 வயசு நிரம்பாத பிள்ளைங்க. நோய் வந்துட்டா மருந்து கிடையாது. ஆனா வராம நூறு சதவீதம் தடுக்கலாம். தடுக்கக்கூடிய சாவை வேடிக்கை பார்த்துக்கிட்டு இருக்கோமே, அதுதான் ஐயா வேதனை!

எதிரணி சொல்றாங்க: "அரசாங்கம் வண்டியை அனுப்பட்டும், பிடிச்சுட்டுப் போகட்டும், முடிஞ்சது!" அப்படியே முடிஞ்சுதா? சென்னையில மாநகராட்சி வருஷக்கணக்கா நாய்களைப் பிடிச்சுக் கொன்னுது. நாய் குறைஞ்சுதா? குறையலை. ஏன்? குப்பைத்தொட்டி இருக்கே ஐயா, அது நாய்களுக்கு ஒரு மெஸ் மாதிரி. பழைய வாடிக்கையாளரைப் பிடிச்சுட்டுப் போனா மெஸ்ஸை மூடிடுவாங்களா? அடுத்த தெரு வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்துக்குவாரு! (சிரிப்பு) ஒரு பெண் நாய் ஒன்பது வாரத்துல குட்டி போடும். ஒரு ஈத்துக்கு நாலஞ்சு குட்டி.

1959-ல கேப்டன் சுந்தரம்னு ஒரு விமானி, தன் குடும்பத்தோட சேர்ந்து சென்னையில புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினாரு. கொல்ல வேண்டாம், கருத்தடை பண்ணி, தடுப்பூசி போட்டு, அதே இடத்துல விடலாம்னு அந்த அமைப்பு 1964-ல இருந்தே சொல்லிச்சு. மாநகராட்சி அதுக்கு எப்போ சம்மதிச்சுது தெரியுமா? 1996-ல! முப்பத்திரண்டு வருஷம்! நல்லதை முதல்ல சொன்னது ஒரு குடும்பம் ஐயா, அலுவலகம் இல்லை! (கைதட்டல்)

2025-ல இந்த விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கே போச்சு. ஆகஸ்ட் மாசம், டெல்லி நாய்களையெல்லாம் காப்பகத்துல அடைக்கச் சொன்னாங்க. பதினொரு நாள்ல அதைத் திருத்தி, ஊசியும் கருத்தடையும் முடிச்சு அதே இடத்துல விடுங்க, வெறி பிடிச்சதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதீங்கன்னாங்க. நவம்பர்ல, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் மாதிரி இடங்கள்ல பிடிச்ச நாயை அங்கேயே திரும்ப விடக் கூடாதுன்னாங்க. எதிரணி நண்பர், "பார்த்தீங்களா, எல்லாம் அரசாங்கம்தான் செய்யணும்"னு சந்தோஷப்பட்டாரு. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நம்ம தெருவுல எது மூர்க்கமானது, எது சாது, எதுக்கு ஊசி போட்டாச்சு, எதுக்குப் போடலை, இதெல்லாம் வண்டியில வர்றவருக்குத் தெரியுமா? வண்டிச் சத்தம் கேட்டாலே நாய் நாலு தெரு தாண்டிப் போயிடுமே! தினமும் பிஸ்கட் போடுற காலேஜ் பையன் கூப்பிட்டா வாலை ஆட்டிக்கிட்டு வருமா வராதா? இதுதான் ஐயா என் கட்சி. அரசாங்கத்துக்கிட்ட ஆணை இருக்கு, மருந்து இருக்கு. நாயோட நம்பிக்கை மட்டும் தெருக்காரப் பிள்ளைகிட்டதான் இருக்கு! (பலத்த கைதட்டல்)

ஆனா இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஞாயித்துக்கிழமை நாலு பிஸ்கட்டைப் போட்டு, நாற்பது போட்டோ எடுத்துக்கிறது தொண்டு இல்லை. (சிரிப்பு) தொண்டுன்னா கணக்கு வேணும். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு பத்துப் பேர் போதும்.

முதல்ல உள்ளாட்சி அலுவலகத்துக்கும், அரசு கால்நடை மருத்துவருக்கும் போய்ச் சொல்லுங்க. அடுத்தது, நாயைத் தொடப் போறவங்க டாக்டரைப் பார்த்து முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கணும். அம்மாமார்களே, அது இல்லாம பிள்ளையை அனுப்பாதீங்க. அப்புறம் விடியற்காலையில தெருத்தெருவா எண்ணுங்க. என்ன நிறம், ஆணா பெண்ணா, யார் சோறு வைக்கிறாங்க? காது நுனியில சின்னதா ஒரு வெட்டு இருந்தா, அதுக்குக் கருத்தடை ஆயிடுச்சுன்னு அடையாளம். எல்லாத்தையும் எழுதுங்க.

பிறகு ஒரு நாள் ஊசி முகாம். சோறு வைக்கிற பாட்டியே நாயைப் பிடிச்சுக்குவாங்க, டாக்டர் ஊசி போடுவாரு. பழகாத நாய்கிட்ட நீங்க வீரம் காட்டாதீங்க, அதுக்குப் பயிற்சி பெற்ற ஆள் இருக்காங்க. நூறு நாய்ல எழுபதுக்கு ஊசி போட்டுட்டா நோய் பரவுற சங்கிலி அறுந்துடும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எழுபது, ஐயா! நூறு கூட வேண்டாம்! ஆனா நூறு எதுன்னு தெரிஞ்சாத்தானே எழுபது தெரியும்? அதுக்குத்தான் நோட்டு. அடுத்த வருஷமும் அதே நோட்டை எடுக்கணும், ஏன்னா ஊசியைத் திரும்பத் திரும்பப் போடணும்.

கடைசியா, பக்கத்துப் பள்ளிக்கூடத்துல ஒரு மணி நேரம். கடிபட்டா மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதே. ஓடுற தண்ணியில சோப்பு போட்டுப் பதினஞ்சு நிமிஷம் கழுவு. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசிங்கிற பழைய பயமெல்லாம் இப்ப வேண்டாம், கையிலதான் போடுறாங்க, நாலஞ்சு தடவைதான். இதைத் தெரிஞ்சுக்கிட்ட ஒரு குழந்தை, ஒரு வீட்டையே காப்பாத்தும்.

நடக்குமான்னு கேக்குறீங்களா? கோவாவுல நடந்துச்சு. 2017-ல இருந்து வருஷத்துக்கு ஏறக்குறைய 95,000 நாய்களுக்கு ஊசி போட்டாங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தாங்க. அந்த நோயால மனுஷங்க சாகறது நின்னுச்சு. பணம் கொடுத்ததுல அரசாங்கமும் உண்டு, மறுக்கலை. ஆனா வீதிவீதியா வலையைத் தூக்கிட்டு ஓடின காலு யாரோடது? (கைதட்டல்)

நம்மகிட்ட இளைஞர் படை இல்லையா? நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல, காந்தி நூற்றாண்டுல, 37 பல்கலைக்கழகத்துல 40,000 மாணவர்களோட தொடங்கின திட்டம். ஏழு நாள் முகாம் போடுறாங்க. அதுல ரெண்டு நாளை இந்த நோட்டுக்குக் கொடுங்களேன்!

இன்னொண்ணு. ஆசைக்குக் குட்டியா வாங்கி, வளர்ந்ததும் "கட்டுப்படியாகலை"ன்னு நெடுஞ்சாலையில இறக்கி விட்டுட்டு வர்றவங்க இருக்காங்க. அந்த நாய், போன காரோட திசையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கும். அந்த நாய்க்கு எந்த அரசாணை ஐயா ஆறுதல் சொல்லும்? அப்பாகிட்ட, "வேண்டாம்பா, வேற நல்ல வீடு நான் தேடித் தர்றேன்"னு சொல்ற பிள்ளை ஒண்ணு அந்த வீட்டுல இருந்தா, அந்த நாய் தெருவுக்கே வராது!

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் பிறந்த மண்ணுய்யா இது. பேகன் மனசு நம்ம பிள்ளைங்ககிட்ட இருக்கு. கையில ஒரு நோட்டை மட்டும் கொடுப்போம். அந்த டம்ளரைப் பத்திக் கேட்டாரே எதிரணி நண்பர், அவருக்கு ஒரே பதில்: தெருவுல ஒரு உயிருக்குத் தண்ணி வைக்கப் பழகின பையன், நாளைக்கு அம்மா கேக்காமலே டம்ளரையும் கழுவுவான்! (பலத்த கைதட்டல்)

எனவே நடுவர் அவர்களே, தெருநாய்ப் பிரச்சினை தீரப் பெரிதும் தேவை இளைஞர்களின் தொண்டே, தொண்டே என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.