எண்ணிக் கொடுத்த கைகள்

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு வந்து இந்த மைதானத்திலே உட்கார்ந்திருக்கிற என் தாய்மாரே, தோழர்களே.

அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டால் மக்கள் புரட்சியிலே சேரலாமா? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. செயலாளர் தம்பி இருபது நிமிடம் என்றார். தம்பி, இது இருநூறு வருசக் கதை. முடிந்தவரை சுருக்குகிறேன்.

2022 ஜூலை 9. கொழும்பு. ஜனாதிபதி மாளிகைக் கதவு உடைந்தது. உள்ளே போன சனம் நீச்சல் குளத்திலே குதித்தது, மெத்தையிலே உருண்டது. அதைத்தான் உலகம் முழுக்கத் தொலைக்காட்சியிலே காட்டினார்கள். நான் சொல்ல வந்தது அதை இல்லை. அந்த மாளிகையின் அறையொன்றிலே கட்டுக் கட்டாகப் பணம் இருந்தது. சில பிள்ளைகள் கண்டெடுத்தார்கள். தரையிலே உட்கார்ந்து எண்ணினார்கள். 1 கோடியே 78 லட்சம் ரூபாய். எண்ணி முடித்து என்ன செய்தார்கள்? பொலிசைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்!

தட்டுங்கள், அந்தப் பிள்ளைகளுக்குத் தட்டுங்கள். அவர்கள் பேர் எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவர்கள் வீட்டிலே காஸ் இருந்ததா, பால்மா இருந்ததா? வரிசையிலே நின்றே செத்துப்போன மனிதர்கள் இருந்த காலம் அது. பரீட்சைத்தாள் அடிக்கக் கடதாசி இல்லாமல் பள்ளிக்கூடப் பரீட்சையைத் தள்ளிப்போட்ட காலம். நானே மண்ணெண்ணெய்க்குக் கேனைப் பிடித்துக்கொண்டு இரண்டு பகல், ஒரு இரவு நின்றிருக்கிறேன். என் முறை வந்தபோது எண்ணெய் முடிந்தது என்று கதவை மூடினார்கள். அப்படிப்பட்ட நாளிலே, காவல் இல்லாத மாளிகையிலே, கணக்கில்லாத காசைக் கையிலே வைத்துக்கொண்டு, இது நம்முடையது இல்லை என்று கொடுத்தான் பாருங்கள், அவன்தான் என் தலைவன்.

நம்பிக்கை போனதைப் பற்றி மலையகத் தோட்டத்துச் சனமான நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1948, சுதந்திரம் வந்த வருசம். அதே வருசம் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அப்பன் எங்கே பிறந்தான், ஆதாரம் காட்டு என்றது. மறு வருசம் வாக்குரிமையும் போனது. 1947 தேர்தலிலே நம் வாக்கை வாங்கிப் பாராளுமன்றம் போனவர்கள் இருந்தார்கள். 1952 தேர்தலிலே நம் வாக்கே இல்லை. விண்ணப்பம் போடு, ஆராய்ந்து தருகிறோம் என்றார்கள். எட்டு லட்சம் பேருக்கு மேல் போட்டார்கள். கிடைத்தவர்கள் ஒன்றரை லட்சம்கூட இல்லை.

என் தாத்தா போனார். ஒரு மேசைக்கு முன்னாலே நிறுத்தினார்கள். எங்கே பிறந்தாய் என்று கேட்டார்கள். "ஐயா, என் தொப்புள்கொடி புதைத்த இடத்தைக் காட்டுகிறேன், பத்தாம் நம்பர் மலை, பலா மரத்தடி" என்றார். காகிதம் இருக்கிறதா என்றார்கள். காலையிலே ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்திலே தினமும் அவர் பேர் போட்ட செக்றோல் புத்தகம் இருக்கிறது. அது துரையின் கணக்குக்கு உதவும், அவர் பிரஜை என்பதற்கு உதவாது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். சாகிற வரைக்கும் நாடற்றவர். 1964 ஒப்பந்தத்திலே இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் உங்களுக்கு, 3 லட்சம் பேர் எங்களுக்கு என்று பிரித்தார்கள். ஆட்டுப் பட்டியைப் பிரிப்பதற்குக்கூட ஆட்டைப் பார்ப்பார்கள் அம்மா. நம்மை யாரும் பார்க்கவில்லை. எஞ்சிய பேருக்கெல்லாம் ஒரே சட்டத்திலே பிரஜாவுரிமை வந்தது 2003இலே. ஐம்பத்தைந்து வருசம்!

நம்பிக்கை இல்லை என்பது மட்டுமே புரட்சிக்குப் போதும் என்றால், இந்த நாட்டிலே முதல் துப்பாக்கி மலையகத்திலேதான் வெடித்திருக்க வேண்டும். வெடிக்கவில்லை. அதை வைத்துச் சில பெரிய மனிதர்கள் எழுதுகிறார்கள், "தோட்டத்துச் சனம் அடங்கிப் போன சனம்" என்று. அடங்கிப் போன சனமா? 1940இலே முல்லோயாத் தோட்டத்திலே சம்பளம் கேட்டுச் சுடப்பட்டுச் செத்தானே கோவிந்தன், அவன் அடங்கிப் போனவனா? 1952இலே பிரஜாவுரிமை கேட்டுக் கொழும்பிலே மாதக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்களே, அவர்கள் அடங்கிப் போனவர்களா?

யார் எழுதுகிறார்கள் தெரியுமா? பேர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். காலையிலே தொழிலாளர் மேடை, மாலையிலே அமைச்சர் வீடு. 2022 மார்ச் வரைக்கும் அந்த அரசாங்கத்தைத் தூக்கிப் பிடித்தவர்கள். சனம் அதை எதிர்த்துக் கொழும்புக் காலி முகத்திடலுக்கு வந்த பிறகு, அங்கே கூடாரத்துக்கு முன்னாலே நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள். அரைப்பேர் போடுவது தெரியும்தானே உங்களுக்கு? கொழுந்து கிலோ குறைந்தால் நாள் முழுக்க மழையிலே நின்றவளுக்கும் அரைப்பேர், பாதிக் கூலி. இந்த ஆட்களுக்கு நான் அரைப்பேர்கூடப் போட மாட்டேன்! மாளிகையிலே இருந்த அந்தப் பணத்தை இவர்கள் கண்டிருந்தால் பொலிசுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்கும்? வேண்டாம், அவர்களை விடுங்கள்.

1971 ஏப்ரலிலே ஒரு கட்சியின் சிங்கள இளைஞர்கள் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினார்கள். அவர்களுக்கும் நம்பிக்கை போயிருந்தது. படித்தவனுக்கு வேலை இல்லை, நிலம் இல்லை. உண்மையான வேதனை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு இரகசியமாக எடுத்த ஐந்து வகுப்பிலே ஒரு வகுப்பு என்ன? இந்திய விஸ்தரிப்பு. அந்தப் பாடத்திலே நாம் யார்? இந்தியாவின் கை. அரை வயிறு ரொட்டி தின்று கொழுந்து பறித்தவள் விஸ்தரிப்புவாதி! பட்டினி கிடக்கிற நம்மை எதிரி என்று எழுதிய புரட்சியிலே நாம் எப்படிச் சேர முடியும்? அந்தக் கலகத்திலே ஆயிரக்கணக்கான பிள்ளைகள் செத்தார்கள். 1987இலிருந்து 89 வரை மறுபடியும், அதைவிட அதிகம். ஆறுகளிலே பிணம் மிதந்தது. வடக்குப் பிள்ளைகள் ஆயுதம் எடுத்தது வேறு காயம், வேறு கதை. அது 2009 மேயிலே முள்ளிவாய்க்காலிலே எப்படி முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாருக்கு முன்னாலே தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒன்று பார்த்தேன். 2022 மே 18, அதே முள்ளிவாய்க்கால் நினைவு நாள், காலி முகத்திடலிலே விளக்கு ஏற்றினார்கள். கஞ்சி கொடுத்தார்கள். சிங்களப் பிள்ளைகளும் வரிசையிலே நின்று வாங்கிக் குடித்தார்கள். கொழும்பின் நடுவிலே, ஜனாதிபதி செயலக வாசலிலே! அன்றைக்குத்தான் இந்தப் போராட்டத்திலே எனக்கும் இடம் இருக்கிறது என்று என் மனம் சொன்னது.

ஆகவே தோழர்களே, சேரலாமா என்று கேட்டால் என் பதில் இதுதான். நம்பிக்கையைக் கெடுத்தது அந்த அரசாங்கம். 2021இலே ஒரே இரவிலே இரசாயன உரத்தைத் தடை செய்தது. அந்த வருசம் ஏறத்தாழ 30 கோடி கிலோ இருந்த தேயிலை மறு வருசம் 25 கோடிக்கு இறங்கியது. கொழுந்து குறைந்தது, உங்களுக்குப் பேர் குறைந்தது. அப்படிப்பட்ட அரசாங்கத்தை வீட்டுக்குப் போ என்று சொல்ல, வீதியை நிறைக்க, வேலையை நிறுத்த, நமக்கு முழு உரிமை உண்டு. பயந்து வீட்டிலே இருப்பதுதான் தப்பு. ஆனால் அதே ஜூலை 9 இரவு பிரதமரின் சொந்த வீட்டை எரித்தார்கள். அவருடைய புத்தகங்களும் எரிந்தன. 1981இலே யாழ்ப்பாண நூலகத்தை எரித்தவர்களை நாம் என்ன சொன்னோம்? புத்தகம் எரித்தவன் எந்தக் கொடியைப் பிடித்தாலும் அதே வார்த்தைதான். 2022 மே 9ஆம் திகதி அரசாங்கத்து ஆட்கள்தான் போராடியவர்களை முதலில் அடித்தார்கள், உண்மை. அதற்காக நிட்டம்புவையிலே ஒரு பாராளுமன்ற உறுப்பினரைக் கொன்றது நியாயம் ஆகுமா? ஆகாது. அரசாங்கத்தை நம்பாதவன் கையை நாடு நம்ப வேண்டும். அந்தப் பணத்தை எண்ணிய கை அப்படிப்பட்ட கை.

அந்த ஜூலை 9க்குப் பிறகு என்ன நடந்தது? ஜனாதிபதி மாலைத்தீவுக்கு ஓடினார், அங்கிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஈமெயிலிலே ராஜினாமா. 69 லட்சம் வாக்கு வாங்கிய மனிதர்! ஜூலை 20 பாராளுமன்றம் 134 வாக்கிலே வேறொருவரை உட்கார வைத்தது. ஜூலை 22 விடியுமுன்னே இராணுவம் காலி முகத்திடலுக்குள் புகுந்து அடித்தது. முடிந்தது என்று சிரித்தார்கள். முடியவில்லை! 2023 நவம்பரிலே உயர் நீதிமன்றம் சொன்னது, பொருளாதாரத்தைக் கவிழ்த்து மக்கள் வைத்த நம்பிக்கையை அந்த அரசாங்கத்தை நடத்தியவர்கள் மீறினார்கள் என்று. நம்பிக்கை என்று நாம் வரிசையிலே நின்று அழுத வார்த்தை தீர்ப்பிலே ஏறியது.

2024 வந்தது. 1971இலே துப்பாக்கி தூக்கிய அதே கட்சியின் தலைமையிலே, பாராளுமன்றத்திலே 3 ஆசனம் வைத்திருந்த அணி, செப்டம்பரிலே ஜனாதிபதிப் பதவியை வென்றது. நவம்பரிலே 159 ஆசனம். மட்டக்களப்பு தவிர எல்லா மாவட்டமும், நம் நுவரெலியாவும். இரண்டு தடவை துப்பாக்கியால் முடியாதது, ஒரு புள்ளடியால் முடிந்தது. அந்த அரசாங்கத்துக்கும் நான் சொல்கிறேன், உங்களையும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். லயன் காம்பராவுக்கு இன்னும் காணிப் பத்திரம் இல்லை.

நேரம் முடிந்தது என்று தம்பி துண்டு அனுப்பிவிட்டார். ஒரே ஒரு வேலை சொல்லிவிட்டு உட்காருகிறேன். என் தாத்தா பேர் பிரட்டுக் களத்துப் புத்தகத்திலே இருந்தது, வாக்காளர் இடாப்பிலே இல்லாமலே போனது. நாளைக் காலையிலே மலைக்கு ஏறுமுன்னே கிராம சேவகரிடம் போங்கள். இடாப்பைத் திறக்கச் சொல்லி உங்கள் பேர், உங்கள் பிள்ளை பேர், பக்கத்துக் காம்பராவிலே இருக்கிற பாட்டி பேர் இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலே பார்த்துவிட்டு வாருங்கள்.